எவர் கண்ணிலும் படாத வரி

இந்த விசாரணை அறைக்குள் வாருங்கள், வாசகர்களே! ஓர் உழைப்பாளியின் நெற்றியில் பொய்யன் என்ற முத்திரை குத்தப்படுவதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

“மூணு தடவை எழுதிப் போட்டேன் சார், சக்கரத்து மூடி கழண்டு ஆடுதுன்னு. மூணு தடவையும் ‘புகார் கிடைத்தது’ன்னு கம்ப்யூட்டர் காட்டுச்சே!”

லேத் எனும் கடைசல் இயந்திரத்தை ஓட்டுபவர் கட்டுப்போட்ட கையை நீட்டினார். அதில் இரண்டு விரல்கள் இல்லை.

“பதிவேட்டுல ஒண்ணுகூட இல்லையேப்பா! சொல்லாம ஓட்டினது உன் தப்பு. அஞ்சு மணிக்கு வேலைநீக்க உத்தரவு வந்துடும்” என்றார் மேலாளர்.

மணி நாலே முக்கால். ஆலையின் கணினி நிரல்களை எழுதும் பெண் இருப்புக்கொள்ளாமல் அறையைச் சுற்றிவந்தாள். சட்டென்று மடிக்கணினியைத் திறந்தாள்.

“அண்ணே, இங்க பாருங்க! புகாரைச் சேமிக்க வேண்டிய இடத்துல ஒரே ஒரு வரிதான் இருக்கு. சிஸ்டம் டாட் அவுட் டாட் பிரிண்ட்லைன்!”

“பிரிண்டுன்னா தாள்ல அடிக்குமாம்மா?”

“தாளும் இல்ல, மையும் இல்லண்ணே. ‘சிஸ்டம்’ வச்சிருக்கிற ஒரு கருவி, அதாவது ஆப்ஜெக்ட்தான் ‘அவுட்’. அதுகிட்ட எதைக் கொடுத்தாலும், நிரல் ஓடுற கம்ப்யூட்டரோட திரையில ஒரு வரியா எழுதிட்டு, அடுத்த வரிக்குப் போயிடும். எங்கயும் சேர்த்து வைக்காது.”

“அந்தத் திரை எங்க இருக்கு?”

மூவரும் பக்கத்து அறைக்கு விரைந்தார்கள். குளிரில் உறுமிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டிதான் நிரல் ஓடும் கம்ப்யூட்டர். அதற்குத் திரையே இல்லை!

“இந்தப் புகார் கம்ப்யூட்டர் வந்தே ஆறு வருஷமாச்சு. அப்ப இத்தனை நாளா நாங்க சுவத்துக்கிட்டயா பேசிட்டிருந்தோம்?”

“சோதனைக்குப் போட்ட வரிண்ணே. அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டிருக்காங்க, பாவிங்க! எழுதினது யாருன்னு இப்பவே பார்க்கிறேன்.”

மேலாளர் குறுக்கே வந்தார். “பேரெல்லாம் எதுக்கும்மா? வரியை மட்டும் திருத்திட்டு விட்டுடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“மிரட்டுறீங்களா சார்? விரல் போனவருக்குப் பேர் இருக்கு. போக வச்சவங்களுக்கு இருக்கக் கூடாதா?”

நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். ஓடிய விரல் அப்படியே நின்றது. ஆறு வருஷத்துக்கு முன், அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரத் தேதி. அதன் எதிரே, அவள் கழுத்தில் தொங்கும் அட்டையில் உள்ள அதே பெயர்.

“அண்ணனோட வேலைநீக்க உத்தரவை நிறுத்துங்க சார், அதை என் பேர்ல எழுதுங்க” என்றாள். வாசகர்களே, ‘அப்புறம்’ என்று நீங்கள் விட்டுவைத்த வரி எது? எழுந்து இன்றே திருத்துங்கள்!