டிக்கி நிறையக் காற்று

காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து அவன் அளந்துகொண்டிருந்தான்.

அகலம் நாற்பது அங்குலம். ஆழம் இருபத்தாறு. சக்கரத்துக்கு மேலே தகரம் புடைத்திருக்கும் இடத்தில் மட்டும் டேப் வளைந்து நெளிந்தது.

கழுத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயில்.

டிக்கியிலிருந்து இறக்கிய சக்கர நாற்காலி வாசலில் நின்றது. அதற்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் மனைவி பூங்கோதை. மடியில் ஊன்றுகோல்.

பாட்டுப்பெட்டி அவள் கேட்டதுதான்.

இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து ஃபோனில் பாட்டுக் கேட்டவள். "கொசு பாடற மாதிரி இருக்குதுங்க" என்று சலித்துக்கொள்வாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒன்றே ஒன்று கேட்டாள். காரில் ஒரு சப்ஊஃபர், அடிச்சத்தத்துக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர். பாட்டு நெஞ்சுக்குள் வந்து இடிக்க வேண்டும்.

அவன் மில்லில் எலக்ட்ரீசியன். கடைப்பெட்டி எதற்கு, நம் டிக்கிக்கு ஏற்ற மாதிரி நானே செய்கிறேன் என்றான்.

சாக்பீஸ் எடுத்து டிக்கியின் தரையில் ஒரு கோடு இழுத்தான்.

இந்தப் பக்கம் பெட்டி. அந்தப் பக்கம் சக்கர நாற்காலி.

பின்னால் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது.

"அதென்னுங்க கோடு?"

"சேர் வெக்கோணுமல்ல."

"சேர் வெச்சா பெட்டி சின்னதாப் போயிருமே. உள்ள காத்து கம்மியானா சத்தம் அடியில எறங்காதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"இருக்கட்டும் பூங்கோத. ஆத்திர அவசரத்துக்கு வேணும்."

எட்டு மாதமாக அவள் நடக்கிறாள். அடுப்படிக்கு. மாடிப்படி பாதிவரைக்கும். தெருமுனைக் கடைக்கும்கூட. அந்த எட்டு மாதமும் நாற்காலி டிக்கியை விட்டு இறங்கியதில்லை. இன்றுதான், அளப்பதற்காக.

விபத்து நடந்த அன்றைக்கு ஸ்கூட்டரை ஓட்டியது அவன். அவனுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான்.

அவள் குனிந்தாள். குனிய நேரம் பிடித்தது. அவன் தாங்கப் போனான். வேண்டாம் என்று கை காட்டினாள்.

முந்தானையால் கோட்டைத் துடைத்தாள்.

"முழுசா அடைச்சிருங்க."

பலகையை அறுத்தபோது தூள் எழும்பி வாசல் முழுக்க மிதந்தது. ஊன்றுகோலில், அவள் புருவத்தில், காயப்போட்ட துணியில் எல்லாம் மெல்லப் படிந்தது. அவள் உள்ளே போகவில்லை. பனிக்குள் உட்கார்ந்திருப்பவள் போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு பலகை. பசை. திருகாணி. மூலைக்கு மூலை உள்ளுக்குள் ஒரு சட்டம்.

முன்பலகையில் பன்னிரண்டு அங்குலத்துக்கு வட்டம் வெட்டி எடுத்தான். துளையில் காது வைத்துக் கேட்டான்.

காற்று சும்மா இருந்தது.

இடையில் ஒரு நாள், அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, சக்கர நாற்காலியை மடக்கிப் பின்சீட்டில் வைத்துப் பார்த்தான். கதவு மூடவில்லை. திருப்பி வைத்தான். அப்போதும் மூடவில்லை. சத்தம் வராமல் எடுத்துப் பழைய இடத்திலேயே நிறுத்தினான்.

ஊஃபரை மாட்டிய பிறகு ஊதுபத்தி கொளுத்தினாள். மெல்லிய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பலகைகள் சேரும் இடங்களில் எல்லாம் அவள்தான் பிடித்துக் காட்டினாள். பெட்டியில் பொட்டுத் துளை இருந்தாலும் புகை துடிக்கும்.

ஒரு மூலையில் துடித்தது. சிலிக்கான் வைத்து அடைத்தான். மறுநாள் மறுபடி ஊதுபத்தி.

இந்த முறை புகை நேராக எழுந்தது. இருவரும் அது கூரைவரை போவதைப் பார்த்தார்கள்.

நான்காவது ஞாயிறு பெட்டியைக் காரில் ஏற்றினான். கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி. பக்கவாட்டில் விரல் நுழைய இடமில்லை.

"அணைக்குப் போலாமுங்க" என்றாள்.

கார் தெருவைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தான். வாசலில் சக்கர நாற்காலி தனியாக நின்றது. திருப்பத்தில் மறைந்தது.

அவள் பாட்டைப் போட்டாள்.

சத்தம் என்று சொல்ல முடியாது. தூரத்தில் மழை இறங்குவது போல ஏதோ ஒன்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சீட்டில் ஏறியது. விலா எலும்பில் ஏறியது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு தண்ணீருக்கு அடியில் இருப்பது போல் அசைந்து அசைந்து பின்னால் போனது. அவள் கண்களை மூடியிருந்தாள். உதடு மட்டும் பாடியது.

அணைக்கரைக்கு அடியில் நிறுத்தினான். மேலே ஏறப் படிகள் இருந்தன. அறுபது, எழுபது இருக்கும்.

எஞ்சினை அணைத்தான். பாட்டை அணைக்க வேண்டாம் என்றாள்.

இறங்கினான். கால்கள் தாமாகவே பின்பக்கம் போயின. கை டிக்கியைத் திறந்தது.

உள்ளே கறுப்பாக, அடைத்துக்கொண்டு, பெட்டி. நடுவில் ஊஃபர் உள்ளே போய் வெளியே வந்தது.

அதன் மேல் உள்ளங்கையை வைத்தான்.

நிமிர்ந்தபோது முன்கதவு திறந்து கிடந்தது.

அவள் ஆறாவது படியில் இருந்தாள். ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை கைப்பிடிக் கம்பியில். ஏறுவாள். நிற்பாள். பாட்டின் அடுத்த தட்டு வரும்வரை காத்திருந்து இன்னொரு படி ஏறுவாள்.

திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடிப்போய் அவளைத் தாங்க வேண்டும் போலிருந்தது.

பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் கையை எடுக்கவில்லை.