பாதி சாட்சி

“பொய்! பச்சைப் பொய்!”

நர்ஸுக்கு வாய்வரை வந்துவிட்டது. சபை நடுவில் கத்த முடியாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முன்னால் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார் பெயிண்டர்.

“வயித்துல கட்டின்னாங்க. பொழைக்க மாட்டேன்னாங்க. கர்த்தர் சுகமாக்கிட்டார்! கட்டி இருந்த இடமே தெரியலை!”

“அல்லேலூயா!” என்று சபையே எழுந்து நின்றது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாவம், அவரும் எவ்வளவுதான் தாங்குவார்? சுகம் வேண்டி இந்தச் சபை முழங்கால் தேய ஜெபித்த ஒவ்வொருவரையும் அவரேதான் அடக்கம் செய்திருக்கிறார். “யாராவது சாட்சி சொல்றீங்களா?” என்று அவர் கேட்பதும், எல்லாரும் தரையைப் பார்ப்பதும் வழக்கமாகிப் போயிருந்தது.

ஆனால் பெயிண்டரின் ஸ்கேனை நர்ஸ் பார்த்திருக்கிறாளே! அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் அவருக்கு வைத்தியம். கட்டி கல்லீரல்வரை பரவி, டாக்டர் கையை விரித்துவிட்டார். மஞ்சள் பூத்த கண்ணை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி. எலும்பை மறைக்க ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சட்டை. மற்றவர்கள் ஏமாறலாம், அவள் ஏமாறுவாளா?

அவளுடைய கவலையெல்லாம் கடைசி பெஞ்சில் இருந்த தையல்காரியைப் பற்றித்தான். தையல்காரியின் சின்ன மகளுக்கு ரத்தப் புற்றுநோய். ஊசியை விடாமல் போட்டால் குழந்தை பிழைக்க வழி இருந்தது. இவளோ இரண்டே ஊசியோடு நிறுத்திவிட்டாள். போன ஞாயிறு இதே இடத்தில் நர்ஸ் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தாள்.

“எதுக்கு சிஸ்டர்? முடி கொட்டி, வாந்தி எடுத்து, அப்புறம் சாகறதுக்கா? இந்தச் சபையில ஊசி போட்டுப் பொழைச்சவங்க ஒருத்தரைக் காட்டுங்க. அந்த வாரமே கூட்டிட்டு வரேன்!” என்றாள் அவள், எல்லார் காதிலும் விழும்படி.

காட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

இப்போது இந்த மனுஷன் கர்த்தர் சுகமாக்கிட்டார் என்று நிற்கிறார்! இதைக் கேட்டபிறகு அவள் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாளா? நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. சாட்சி முடியுமுன்பே விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஆராதனை முடிந்து, சுவரைப் பிடித்தபடி பெயிண்டர் வந்தார். வழியை மறித்துக்கொண்டாள்.

“ஏன் இப்படிப் பண்ணீங்க? சாகப்போற நேரத்துலயும் கைதட்டு கேக்குதா?”

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகம் என்று அவளுக்கே பட்டது. அவர் சிரித்தார்.

“உள்சுவர் இத்துப் போச்சு சிஸ்டர். வெளிய ஒரு கோட்டிங் அடிச்சேன். தொழில் புத்தி.”

“விளையாடாதீங்க. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது, தெரியுமில்ல?”

“எனக்குத் தண்ணியே இறங்க மாட்டேங்குது. போஜனத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

“பாஸ்டர்கிட்ட சொல்லிடுவேன்.”

“சொல்லுங்க. ஒரு நாலு நாள் பொறுத்துச் சொல்லுங்க.”

திருந்தாத ஜென்மம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள் நர்ஸ்.

புதன்கிழமை காலை அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நினைவில்லை. கடைசி அறையில் படுக்க வைத்து, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்த நர்ஸ், திகைத்து நின்றாள்.

மகளை இடுப்பில் சுமந்துகொண்டு தையல்காரி நின்றிருந்தாள்.

“நீயா!”

“ஊசிக்குத்தான் சிஸ்டர். சொன்னா சொன்னதுதான்.”

“எப்படிம்மா மனசு மாறுச்சு?”

“நீங்கதான் பாதியில எழுந்து போயிட்டீங்களே! பெயிண்டர் அண்ணன் அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? ‘முடி கொட்டுச்சு, வாந்தி வந்துச்சு, ஆனா ஒரு ஊசி கூட விடலை. அந்த ஊசியைக் கொடுத்ததும் கர்த்தர்தான்’னார். என்னையே பாத்துச் சொன்னார் சிஸ்டர். ஒருத்தரைக் காட்டுங்கன்னேன், காட்டிட்டார் ஆண்டவர்.”

என்ன வார்த்தை கேட்டோம் அந்த மனுஷனை! குழந்தையைப் பக்கத்து அறையில் படுக்க வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கக் கடைசி அறைக்கு ஓடினாள் நர்ஸ்.

எல்லாம் முடிந்திருந்தது.

அவர் போட்டிருந்த இரண்டு சட்டைகளையும் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள் அவர் மனைவி.

“வாய்விட்டு அழுங்கக்கா. ஏன் அடக்கறீங்க? இப்பவே பாஸ்டருக்குப் போன் பண்றேன். சபையே வந்துடும்.”

அவள் எட்டி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து அறைப் பக்கம் ஜாடை காட்டி, குரலைத் தாழ்த்தினாள்.

“வேணாம் சிஸ்டர். எங்க அண்ணன் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிடறேன். யாராவது கேட்டா, அங்க வேலைக்குப் போயிருக்கார்னு சொல்லிடுங்க. அந்தப் புள்ளைக்குக் கடைசி ஊசி போடற வரைக்கும் இவர் சாகக் கூடாது.”