பொறுக்காமல் போனவள்

ஜன்னல் வெயில் சாய்வு நாற்காலியின் பாதிவரை வந்திருக்கிறது. அதில் இளைய மகள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். புற்றுநோய்க்கான மருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்குகிறது. பக்கத்தில் அம்மா காலி மருந்துப் பெட்டியை விரலால் தடவிக்கொண்டே மருந்தாளுநரிடம் கேட்கிறாள். "பேரு வேறயா இருக்கே, அதே மருந்துதானா?" அவர் குனிந்து மெதுவாகச் சொல்கிறார். "அச்சு அசலா அதே இல்லம்மா. உயிருள்ள செல்லுல வளர்த்து எடுக்குறது, வேற கம்பெனி செஞ்சா துளி வித்தியாசம் இருக்கும். ஆனா வேலை ஒண்ணுதான், விலைதான் ரொம்பக் கம்மி. பழைய மருந்தோட ஒப்பிட்டு, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பாத்த பிறகுதான் போன மாசம் அரசாங்கம் அனுமதி கொடுத்துச்சு." "எவ்வளவு நாளா பாத்தாங்க?" "நாலு வருஷம்மா." அம்மாவின் விரல் பெட்டிமேல் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த நாலு வருஷத்துக்குள்தான் மூத்த மகள், இதே நோயில், விலை எட்டாத பழைய மருந்தை வாய்விட்டுக் கேட்காமலே கண்ணை மூடினாள். எங்கோ ஒரு கருவி விட்டுவிட்டு ஒலிக்கிறது. "அவசரப்படாம நிதானமா பாத்திருக்காங்க. நல்லதுதான்," என்கிறாள் அம்மா. இளையவள் கண்ணைத் திறக்காமலே அவள் கையைத் தேடிப் பிடிக்கிறாள். அம்மா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தபடி, கோபித்துக்கொள்கிறவள் போலச் சொல்கிறாள்: "உங்க அக்காதான் பொறுக்காம ஓடிட்டா."