போட்டுக்கொடுத்தவன்

"என்னப் போட்டுக்கொடுத்தவன் மட்டும் கையில சிக்கட்டும், ஒரு பல்லு மிஞ்சாது!"

எங்கள் ஊரின் முன்னாள் போலீஸ் சீஃப் ஹாஸ்கெல், காபிக் கடைக்குள் நுழையும்போது சொல்லும் காலை வணக்கம் இது.

சீஃபாக இருந்தபோது ஒருநாள் இரவு குடித்துவிட்டு, மரச்சாமான் கடையின் பெரிய கண்ணாடிக்குள் போலீஸ் வண்டியை விட்டார். யாரோ போன் செய்ததால் போலீஸ் உடனே வந்துவிட்டது. இல்லையென்றால், கண்ணாடியை உடைத்தது கடல்காற்று என்று அவரே விசாரித்து முடித்திருப்பார். வேலை போனது, மனைவி போனாள். குடி மட்டும் விசுவாசமாகக் கூடவே இருந்தது.

பதவியில் இருந்தவரை ஒரு திருடனையும் பிடிக்காதவர், இப்போது முழுநேரமும் துப்பறிகிறார். பாதிரியாரைக்கூட விசாரித்தாயிற்று. இன்று காபிக் கடைக்காரர் எல்வுட்டின் சட்டையைப் பிடித்தார்.

"நீதானடா அது?"

"ஐயோ, சத்தியமா நான் இல்ல சீஃப்!"

அன்றிரவு ஸ்டேஷனில் போனை எடுத்த வெர்னா, பக்கத்து மேஜையில் பாதி தின்ற டோனட்டைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுசன விடுங்க சீஃப். அது யார் குரல்னு எனக்குத் தெரியும்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"பாவம் பார்த்தேன்."

"என்ன சொன்னான் அந்தப் பய?"

"'ஒரு குடிகாரன் என் எதிர்லயே வர்றான், போலீஸ் வண்டிய வேற திருடிட்டான், லைட்டப் போட்டா அவனும் போடுறான், உடனே வந்து புடிங்க'ன்னு கத்துனீங்க சீஃப். அப்புறம் கண்ணாடி உடையிற சத்தம் கேட்டுச்சு."

சீஃப் எல்வுட்டின் சட்டையை விட்டார். பிறகு நாக்கால் தன் பற்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.