ரெண்டு கார்டும் ஓடணும்!

“அவ பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தியா?” என்று வாட்ச்மேனைக் கேட்டார் மேனேஜர்.

“பார்த்துட்டேன் சார். மூணு ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச், ஒரு பிரஷ். வேற ஒண்ணும் இல்லை.”

அப்போதும் மேனேஜருக்கு மனம் ஆறவில்லை. மேசை மேல் மூடியைக் கழற்றி வைத்திருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் லேசுப்பட்டவள் இல்லை. பிரஸ் மெஷினில் நாலு விரலைப் பறிகொடுத்தானே ஆபரேட்டர், அவனுடைய மனைவி.

போயும் போயும் இவளையா அனுப்புவார்கள்! சர்வீஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்திப் பார்த்தார். “கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பழைய கார்டு வேலை தெரிஞ்சது அந்தம்மா ஒருத்திதான் சார்” என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவளுக்குத் தன் மேல் எவ்வளவு ஆத்திரம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? வேகம் குறைகிறது என்று மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொன்னவரே அவர்தான். விரல் போன மறுநாள், ‘அவன் நேற்று வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டு எங்கேயோ கையை நசுக்கிக்கொண்டான்’ என்று சாதித்தவரும் அவர்தான். கம்ப்யூட்டர் பதிவு ஓடாததால் கையால் எழுதிவந்த வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘ஆப்சென்ட்’ என்று தன் கைப்படவே எழுதிய புண்ணியவான்!

போன மாதம் நஷ்டஈட்டு வழக்கு நடக்கும் கோர்ட்டு வாசலில் அவள் வழிமறித்துச் சொன்னது இன்னும் அவர் காதைக் குடைந்துகொண்டிருந்தது. “எங்க வீட்டுக்காரரைக் குடிகாரன்னு சொன்னீங்கல்ல? நீங்க சொன்னது பொய்யின்னு ஊரறிய ஆக்காம விட மாட்டேன் சார்.”

இன்றைக்கு அவள் கையில் ஸ்க்ரூடிரைவர். மேனேஜர் நாற்காலியை அவள் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மோடம் போட்ட நாள்லேர்ந்து வருகைப் பதிவு ஓடலை. இப்ப மோடமும் படுத்துக்கிச்சு. நம்பரைச் சுத்த ஆரம்பிச்சாலே கம்ப்யூட்டர் அப்படியே நின்னு போயிடுது. என்ன வியாதி?”

கம்ப்யூட்டரில் பதிவாகிறதெல்லாம் போன் லைனில் இணைக்கும் மோடம் வழியாகத் தானாகவே மெயின் ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மூன்று நாளாக எதுவும் போகவில்லை என்று அங்கிருந்து போனிலேயே வறுத்தெடுத்துவிட்டார்கள்.

“ரெண்டு கார்டும் அடிச்சுக்குது சார்,” என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல். “ஒவ்வொரு கார்டுக்கும் கம்ப்யூட்டரைக் கூப்பிடத் தனியா ஒரு லைன் வேணும். மோடம் கார்டும், வாசல்ல அட்டை தேய்க்கிற வருகை மெஷினோட கார்டும் ஒரே லைனைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. வாசல் கார்டைக் கழட்டிட்டா மோடம் ஓடிடும். அஞ்சு நிமிஷ வேலை.”

மேனேஜர் உஷாரானார். கழற்றச் சொல்லிவிட்டு, வருகை மெஷினை மேனேஜரே பிடுங்கிப் போட்டுவிட்டார் என்று கோர்ட்டில் போய் ஒப்பிப்பாளோ? ஆகா, என்ன கெட்டிக்காரத்தனம்!

“அந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்மா. ரெண்டு கார்டும் ஓடணும். அதுவும் என் கண்ணு முன்னாடி.”

“எதுக்கு சார்? நாலு மாசமா அது இல்லாமத்தானே ஓட்டினீங்க?”

“நான் ஓட்டிட்டேன். வேலைக்கு வர்ற இதுங்கதான் திருந்தலை!” என்று வாசல் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார். “இன்னும் தினமும் வரிசையில நின்னு அட்டையைத் தேய்ச்சுக்கிட்டுத்தான் உள்ள வருதுங்க. அதுவும் டிங்குனு ஒரு சத்தம் போடுது. இதுங்களுக்கு அதுல ஒரு திருப்தி.”

அவள் குனிந்து வாசல் கார்டை உருவியெடுத்தாள். அதில் லைனை மாற்றுவதற்கென்று மிளகளவு இருந்த ஜம்பரை நகத்தால் நெம்பி, ஐந்தாம் லைனிலிருந்து பத்தாம் லைனுக்கு மாற்றிச் செருகினாள். கார்டைப் பழைய இடத்தில் பொருத்தித் திருகை முடுக்கினாள். மேனேஜர் கண்ணை எடுக்கவில்லை. திருகுகளைக்கூட எண்ணிக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டாள். மோடம் கீச்சிட்டு நம்பரைச் சுற்றியது. வருகைப் பதிவும் திறந்துகொண்டது. எதுவும் நிற்கவில்லை. திரையில் வரி வரியாக ஏதோ மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

“என்னம்மா, ஏதாவது பண்ணிட்டுப் போகலாம்னு வந்தே, முடியலையா?” மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

“நீங்க சொன்னதைத்தான் சார் பண்ணினேன்.”

“அது சரி, என்னது அது கடகடன்னு ஏறுது?”

“வாசல் மெஷின் சார். கம்ப்யூட்டர் படுத்துட்டாலும் அது பாட்டுக்குத் தனக்குள்ள எழுதி வச்சுக்கும். இப்ப லைன் கிடைச்சதும் நாலு மாசத்தையும் கொட்டுது.”

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மார்ச் பதினொன்று, விரல் போன அதே நாள். பிரஸ் ஆபரேட்டரின் எண். உள்ளே வந்த நேரம் ஏழு ஐம்பத்திரண்டு. வெளியே போன நேரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடியவன் எங்கே நின்று அட்டையைத் தேய்ப்பான்?

மோடம் ஒரு ‘டக்’ போட்டு அடங்கியது. மேனேஜர் பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

“இதை யாரும் பார்க்கலை,” என்றார் மூச்சிரைக்க. “நீ போய்ச் சொன்னா எவன் நம்புவான்?”

அவள் ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். அன்றைக்கு முதல் முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“இந்நேரம் மெயின் ஆபீஸ்ல படிச்சிட்டிருப்பாங்க சார்.”