மேல் வீட்டுச் சத்தம்

"விடாதே, தலையிலயே போடு. அவ்வளவுதான், செத்தான்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு குட்டி உள்ளறையிலிருந்து கத்தியபோது, அவளைப் பற்றிப் புகார் சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள், இன்னும் உட்காரக்கூட இல்லை.

"கேட்டீங்களா?" என்றார் அவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன் என்று அந்தக் குடியிருப்பில் பெயரெடுத்தவர். இப்போதும் குரல் உயரவில்லை. "எட்டாவது படிக்கிற பொண்ணு பேசுற பேச்சா இது? எல்லாம் அந்த கேம் பண்ற வேலை."

அம்மா உள்ளே போய் ஹெட்போனைப் பிடுங்கி, குட்டியைக் கையோடு இழுத்து வந்து நிறுத்தினாள். முந்தாநாள் சாயங்காலம் இவள்தான் பால்கனி வழியாக எட்டி, சுத்தியலால் அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தவள். ஏன் என்று கேட்டால் இதுவரை வாயே திறக்கவில்லை.

"இப்பவாவது சொல்லு. எதுக்குடி உடைச்சே?"

குட்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உடைச்சேன். உடனே நின்னுச்சு."

"எது நின்னுச்சு?"

"பாருங்க, நிஜத்துலயும் கேம் ஆடுறமாதிரியே பேசுறா," என்று முந்திக்கொண்டார் பக்கத்து வீட்டுக்காரர். "கண்ணாடி போனா போகுதும்மா. என் பையனுக்கு மூணு வயசு. சில்லு பட்டு கையில கட்டுப் போட்டிருக்கோம். வெளியவே விடல. ஞாயித்துக்கிழமைக்குள்ள இவளை ஒரு ஹாஸ்டல்ல சேர்த்துடுங்க. இல்லேன்னா நான் போலீசுக்குத்தான் போகணும். சொல்ல எனக்கே சங்கடமா இருக்கு."

அம்மா தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? குட்டியின் அப்பாவுக்கு வெளியூரில் வேலை. போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே நாளைக்கே சேர்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். நல்லவேளையாகப் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தவரை மேல் வீட்டிலிருந்து வழக்கமான அடிதடிச் சத்தம் எதுவும் வரவில்லை. அதுவும் சேர்ந்திருந்தால், இந்தச் சத்தத்திலா பிள்ளையை வளர்க்கிறாய் என்று கேட்டிருப்பார்.

மேல் வீட்டில் இருப்பவர் சவுண்டுக்காரர். சினிமாவில் விழுகிற அடி உதைக்கெல்லாம் சத்தம் தயார் பண்ணுகிறவர். முட்டைக்கோஸை ஒரு திருகு திருகினால் கழுத்து முறியும், ஈரத் துண்டால் தோல் பையில் ஒன்று போட்டால் கன்னத்தில் அறை விழும். குடிவந்த புதிதில் பயந்து மாடிக்கு ஓடிய அம்மாவுக்கு அவரே சிரித்துக்கொண்டு செய்து காட்டினார். அன்றிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் அம்மா ஒரு தடவை கூரையை முறைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

பக்கத்து வீட்டுக்காரர் போனதும் அம்மா செல்போனில் ஹாஸ்டல் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். ஒரே நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"அம்மா, நான் சொல்றதை ஒரு தடவை கேளேன்..."

"ஒண்ணும் பேசாதே. ஊரே உன்னைப் பத்திச் சொல்லி நான் கேட்டாச்சு."

அப்போதுதான் அது ஆரம்பித்தது. சுவர் அதிர ஒரு தொம். எதுவோ உருண்டு விழுந்தது. பளீரென்று ஒரு அறை. பின்னாலேயே ஒரு குழந்தை வீறிட்டது.

குட்டி ஓடிப்போய் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, காதோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். கம்ப்யூட்டர் திரை இருட்டாகத்தான் இருந்தது.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள்ளே ஒரு கேம், தலைக்கு மேலே ஒரு சவுண்டுக்காரர். இப்படி வெட்டையும் குத்தையும் கேட்டு வளர்கிற பிள்ளை சுத்தியலை எடுக்காமல் சுண்டலா விற்கும்? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

மாடிக்குப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கையில் ஹெல்மெட்டோடு சவுண்டுக்காரர் கீழேயிருந்து மூச்சு வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்தார்.

"சார், முதல்ல மேல இருக்கிற உங்க ஆளுங்களை நிறுத்தச் சொல்லுங்க. உங்க சத்தத்தைக் கேட்டுக் கேட்டே எம் பொண்ணு கெட்டுப்போயிட்டா. நாளைக்கு அவளைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல தள்ளப் போறேன், போதுமா?"

"என் ஆளுங்களா? மேல யாருமே இல்லீங்களே." அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"அடி உதைகூடப் போகட்டும். அந்தக் குழந்தை அலறுறதையாவது விட்டுடுங்க. பெத்த வயிறு சார், தாங்கல."

"குழந்தையா? நான் முட்டைக்கோஸ் உடைக்கிறவன், துணி அடிக்கிறவன். அழுகை, அலறல் எல்லாம் வேற ஆளுங்க பார்க்கிற வேலைங்க." மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "அதுவும் என் சாமானெல்லாம் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே. மேல ரூம் காலியாத்தான் கிடக்கு."

மறுபடியும் தொம் என்று கேட்டது. இந்தத் தடவை அம்மா கூரையைப் பார்க்கவில்லை. சத்தம் மேலேயிருந்து வரவில்லை. பக்கத்துக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. அதோடு சேர்ந்து, அந்த உயராத குரலும். "கத்தினே, இன்னும் விழும்."

அம்மா வீட்டுக்குள் ஓடினாள். அலமாரிக்கு மேலே தானே ஒளித்து வைத்திருந்த சுத்தியலைக் கைவிட்டுத் துழாவி எடுத்தாள். குட்டி ஹெட்போனைக் கழற்றிவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

"போலீசுக்கு நீ போன் போடு குட்டி. கதவை நான் உடைக்கிறேன்."