விலைக்கேற்ற பேச்சு

“இதுவும் கட் ஆயிடுச்சு சார்” என்று ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தார் கண்ணாடி போட்ட வாடிக்கையாளர்.

கடைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில்தான் பெட்டி பிரித்து அடுக்கிய புதுச் சரக்கு. இருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மனைவி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் போன மாதம் திறந்த கடை.

அந்த மனைவி பேட்டரி, அடாப்டர், சுருள் வயர் எல்லாவற்றையும் வரிசையாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். கை அங்கே, காது இங்கே.

“மொத சரக்கே இந்த லட்சணமா?” என்றார், யாரையும் பார்க்காமல்.

வாசலில் மொத்த வியாபாரியின் வேன் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். “அண்ணே, திருப்பி அனுப்புறதுன்னா இப்பவே ஏத்திடுங்க. நான் போனப்புறம் கோளாறு கீளாறுன்னா எங்க முதலாளி ஒண்ணையும் எடுக்க மாட்டார்.”

ஏற்றிவிட்டால் கடையில் பேட்டரியும் வயரும்தான் மிஞ்சும். ஏற்றாமல் இந்தப் போன்களை விற்றாலோ, ஒரே வாரத்தில் கடைப் பெயர் நாறிவிடும்.

“சார், கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க. என்னதான் ஆகுது?” என்றார் கடைக்காரர்.

“வீட்டுக்குத்தான் அடிச்சுப் பாக்கறேன். நாளைக்கு இதை வாங்கினா வீட்டுக்குத்தானே பேசணும்? மணி போகுது, எடுத்து ‘ஹலோ’ங்கறாங்க. குரல் கணீர்னு கேக்குது. நான் வாயைத் திறந்ததும் டொக்!”

“திறந்ததுமேவா?”

“மொத போன்ல ‘நா’ன்னதுமே போயிடுச்சு. ரெண்டாவதுல ‘நான்தான்’னு முழுசாச் சொல்ல விட்டுச்சு. இதுல பரவாயில்ல, ‘நான்தான் பேசறேன், நல்லாருக்’ வரைக்கும் வந்துடுச்சு.”

கடைக்காரர் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. “பாத்தீங்களா, விலை ஏற ஏறக் கொஞ்சம் கூடத் தாங்குது!”

“அப்ப ஒரு வாக்கியம் முழுசாப் பேசணும்னா வீட்டை வித்துட்டுத்தான் வரணும்” என்றார் மனைவி.

கடைக்காரர் அதே போனை எடுத்து, எதிர்க்கடைத் தையல்காரருக்கு அடித்தார். “என் பேன்ட் என்னாச்சுய்யா?” என்று கேட்டதுதான் தாமதம். ஊசி உடைந்தது, கரண்ட் போனது, மச்சினிக்குக் கல்யாணம் என்று தையல்காரர் சொன்ன அத்தனை சாக்கும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

“எதிர்க்கடைக்கு நல்லாப் பேசுதே!” என்று தலையைச் சொறிந்தார்.

“நான் எதிர்க்கடைக்காரர் கூடப் பேசறதுக்கா சார் போன் வாங்கறேன்?” என்றார் வாடிக்கையாளர். ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. “இன்னும் விலை கூடினது ஏதாவது இருந்தா எடுங்களேன்.”

மேல் தட்டிலிருந்து வயரில்லாத கார்ட்லெஸ் போன் இறங்கியது. வாடிக்கையாளர் அதை எடுத்துக்கொண்டு கடை மூலைக்குப் போனார், தொண்டையைச் செருமினார், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று எண்களை அழுத்தினார்.

“நான்தான் பேசறேன், நல்லாருக்கியா, சாப்...”

திரும்பி வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. “சார், சாப்பாடு வரைக்கும் வந்துடுச்சு! இதுக்கு மேல மாடல் இருக்கா?”

“இதுக்கு மேல கூரைதான் சார் இருக்கு” என்றார் கடைக்காரர். “தம்பி, உள்ள வாங்க. எல்லாத்தையும் ஏத்திடலாம்.”

டிரைவர் வந்து இரண்டு பெட்டிகளைத் தோளில் வைத்துக்கொண்டார். மூன்றாவதற்குக் கடைக்காரரே குனிந்தார்.

“கொஞ்சம் இருங்க” என்றார் மனைவி. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, கார்ட்லெஸை எடுத்து, கடைசி நம்பருக்கே மறுபடி அடிக்கும் ரீடயல் பட்டனை அழுத்தினார்.

“ஐயோ, நீங்க எதுக்குங்க...” என்று வாடிக்கையாளர் பதறி ஓடி வந்தார். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

“ஹலோ... போன் கடையிலேருந்து பேசறோம்மா. உங்க வீட்டுக்கு அடிச்சா அடிச்சா கட் ஆகுதுன்னு ஒருத்தர்... ஆமா, கண்ணாடி போட்டவர்... இங்கதான் நிக்கிறார்... இல்ல, இது நாலாவது போனு... அட, அப்படியா!... ம்... ம்... அடக் கடவுளே!”

கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் தாண்டியது. இரண்டும் தாண்டியது. மனைவி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தே விட்டார்.

“கட் ஆகலை! தம்பி, பெட்டியை இறக்குங்க! சரக்கு நல்ல சரக்குய்யா!” என்று குதித்தார் கடைக்காரர். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளை இறக்கி வைத்தார்.

வாடிக்கையாளர் மட்டும் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

மனைவி போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“கோவத்துல கட் பண்ணினதெல்லாம் உங்க வீட்டம்மாதானாம், மிச்சத்தை நேர்ல வந்து பேசச் சொல்றாங்க!”